ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 புதிதாகத் தொடங்குகிறீர்களா? காம்போவைத் தள்ளி வையுங்கள்

சண்டை கேம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டெக்கன் 3தான். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷனை ஓடவிட்ட கடைகளில், எடி கோர்டோவை எடுத்து இரண்டு கிக் பட்டனையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும், எதிரே இருப்பவன் தரையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டான். அதற்கும் முன்னால், காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளில் ‘முஸ்தபா’ ஓடியது. கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்ற அந்த 1993 ஆட்டத்தின் உண்மைப் பெயர் பலருக்கு இன்றுவரை தெரியாது, மஞ்சள் தொப்பிக்காரன் பெயரே ஆட்டத்தின் பெயராக நின்றுவிட்டது. அதைச் செய்த கேப்காம் நிறுவனம்தான் ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் செய்கிறது.

இந்தப் பழக்கத்தோடு இன்றைக்கு ஆன்லைனில் நுழைபவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். யூடியூபில் பதினைந்து அடி காம்போ (இடைவெளி விடாமல் அடிமேல் அடியாகக் கோர்ப்பது) ஒன்றைப் பார்த்து, மூன்று நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, ஆன்லைனுக்குப் போவார்கள். எதிராளி சும்மா குதித்துக் குதித்தே அடித்துவிட்டுப் போவார். காம்போவைத் தொடங்க வேண்டிய முதல் அடியே பட்டிருக்காது. ஒரு வாரத்தில், இது நமக்கு ஒத்துவராது, விரல் வேகம் போதாது என்று விட்டுவிடுவார்கள். விரல் வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 2023இல் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஒரு பதக்கப் போட்டியாக இருந்தது, இந்தியாவிலிருந்தும் போய் ஆடினார்கள். அதில் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் கண், அப்புறம் தடுப்பது, அப்புறம் ஒற்றை அடி. காம்போ அதற்கும் பிறகு.

எதில் ஆடுவது, என்ன வாங்குவது

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2023 ஜூன் 2 அன்று வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கம்ப்யூட்டர் என்று எதில் ஓடினாலும் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் ஆடலாம், அதனால் நண்பன் எதை வைத்திருக்கிறான் என்று பார்த்து வாங்கவேண்டிய அவசியம் இல்லை. காசு போடுவதற்கு முன்னால் இலவச டெமோவை இறக்கிப் பாருங்கள். ரியு, லூக் என்ற இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், ஆனால் அடிப்படை கற்றுக்கொள்ள அது போதும், உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் பழசு, தாங்காது என்றால் ஃபைட்கேட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய ஆர்கேட் ஆட்டங்களை இணையத்தில் எதிராளியோடு ஆடவைப்பது அதன் வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் கடைசிப் பதிப்பான தேர்ட் ஸ்ட்ரைக் போன்றவற்றை அதில் இன்றும் தினமும் ஆடுகிறார்கள். கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி அங்கேயும் பொருந்தும்.

கண்ட்ரோலர் விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். காசு போட்டு ஆடும் பெட்டிகளில் இருந்ததுபோல் லீவரும் பட்டன்களும் கொண்ட ஆர்கேட் ஸ்டிக் பார்க்க ஆசையாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும், ஆனால் அதற்குக் கை பழகவே தனியாக நாள் பிடிக்கும். உலகப் போட்டிகளில் சாதாரண பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை வைத்து வென்றவர்கள் இருக்கிறார்கள். கீபோர்டும் தாராளமாகப் போதும். இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பயன்படுத்தும் லீவர் இல்லாத கண்ட்ரோலரில் திசைகளும் பட்டன்தான், கீபோர்டில் பழகிய கை அதற்கு எளிதாக மாறிவிடும். கேம் பேடில் ஆடுபவர்கள், முடிந்தால் குச்சியை விட்டுவிட்டு நான்கு திசைப் பட்டனில் பழகுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல லேன் கேபிள் வாங்குங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

யாரை எடுப்பது, கிளாசிக்கா மாடர்னா

பார்த்ததும் பிடித்த கேரக்டரை எடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை மறுக்கமாட்டேன், ஏனென்றால் நூறு ஆட்டம் தோற்ற பிறகும் திரும்ப வரவைப்பது அந்தப் பிடிப்புதான். ஆனால் யாரும் குறிப்பாகப் பிடிக்கவில்லை என்றால் ரியுவை எடுங்கள். தூரத்துக்கு ஹடோகென் (கையிலிருந்து பறக்கும் ஒளிப்பந்து), குதித்து வருபவருக்கு ஷோர்யூகென் (மேலே எழும்பிக் குத்துவது), நெருக்கத்துக்கு நல்ல உதை என்று எல்லாச் சூழ்நிலைக்கும் அவரிடம் ஒரு நேரடியான பதில் இருக்கிறது. ரியுவிடம் கற்றதில் பாதி கென், லூக், அகுமா என்று யாரிடம் போனாலும் கூடவே வரும். கைல் போன்றவர்களுக்குப் பின்பக்கத் திசையைச் சற்று நேரம் பிடித்து வைத்திருந்து விடவேண்டும், அது வேறு வகைப் பழக்கம், முதலில் வேண்டாம்.

கிளாசிக் முறையில் ஆறு பட்டன்: லைட், மீடியம், ஹெவி என்று பஞ்ச் மூன்று, கிக் மூன்று. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோதிருந்து இதே அமைப்புதான். மாடர்ன் முறையில் பட்டன்கள் குறைவு, ஹடோகெனும் ஷோர்யூகெனும் ஒரு பட்டனும் ஒரு திசையும் அழுத்தினாலே வந்துவிடும். பதிலுக்கு, அப்படிச் சுருக்கமாக எடுக்கும் ஸ்பெஷல் அடியில் ஐந்தில் ஒரு பங்கு வலு குறையும், சில அடிகள் கிடைக்கவே கிடைக்காது. மாடர்னில் ஆடுபவர்களை ஏளனம் செய்யும் கூட்டம் ஒன்று உண்டு, காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விரல்களோடு மல்லுக்கட்டாமல் எதிராளியைப் பார்க்கும் பழக்கத்தை மாடர்ன் சீக்கிரமே கொண்டுவந்துவிடும். நேரம் குறைவாகக் கிடைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நீண்ட நாள் ஆடுவேன், பழைய ஆட்டங்களையும் தொட்டுப் பார்ப்பேன் என்பவர்கள் கிளாசிக்கில் தொடங்கட்டும்.

முதல் நாள்: டிரெயினிங் மோட்

இந்த உலகத்தில் திசைகளை எண்களால் எழுதுவார்கள். கீபோர்டின் வலது பக்கம் இருக்கும் எண் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 5 நடு, 2 கீழே, 8 மேலே, 6 முன்னால், 4 பின்னால், 3 கீழும் முன்னும் சேர்ந்த மூலை. இதைத் தெரிந்துகொண்டால் எந்த மொழிக்காரர் எழுதிய குறிப்பையும் படித்துவிடலாம். (உங்கள் ஆள் வலது பக்கம் பார்த்து நிற்பதாக வைத்து எழுதுவது வழக்கம். பக்கம் மாறினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் புரளும்.)

ஹடோகென் 236, கூடவே பஞ்ச். அதாவது கீழே, கீழ்-முன் மூலை, முன்னால், பட்டன். புதியவர்களுக்கு இது வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: 6ஐ விரல் தொடுவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிடுகிறார்கள். டிரெயினிங் மோடில் நீங்கள் அழுத்துவதை எல்லாம் திரையின் ஓரத்தில் காட்டச் சொல்லலாம், அதைப் போட்டு வையுங்கள். ஹடோகென் வராமல் வெறும் குத்து வந்தால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், கடைசி அம்புக்குறி முன்னால் காட்டுகிறதா, இல்லை மூலையிலேயே நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும்.

ஷோர்யூகென் 623. முன்னால், கீழே, மூலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் முன்னால் நடந்துகொண்டிருக்கும்போதே ஹடோகென் போட்டால் பல நேரம் ஷோர்யூகென் கிளம்பிவிடும், வெட்டவெளியில் குதித்து நிற்பீர்கள், எதிராளி வந்து விளாசுவார். ஏன்? நடப்பதற்கு 6 அழுத்தியிருக்கிறீர்கள், அதன்பின் 2, 3 வருகிறது, கேம் அதை 623 என்று படித்துக்கொள்கிறது. நடையை நிறுத்தி, கையை ஒரு கணம் நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் 236 போட்டால் சரியாக வரும். இரண்டு பக்கமும் நின்று, அவசரப்படாமல், தொடர்ந்து பத்து முறை சரியாக வரும்வரை பழகுங்கள். முதல் நாளைக்கு இது போதும், கை வலிக்கும்வரை உட்காராதீர்கள்.

இரண்டாவது கட்டம்: நான்கு வேலைகள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்கிறேன். ஆரம்ப நிலைகளில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது இந்த நான்கும்தான்.

முதலாவது, குதித்து வருபவரை அடிப்பது. ரியுவிடம் உட்கார்ந்தபடி ஹெவி பஞ்ச் போட்டால் கை செங்குத்தாக மேலே போகும், அதுவே போதும், ஷோர்யூகென் கூட அவசியமில்லை. ஆரம்ப நிலை ஆட்டக்காரர்கள் குதித்துக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. ஒருவர் மூன்று முறை குதித்து மூன்று முறையும் அடி வாங்கினால், நான்காவது முறை குதிக்க யோசிப்பார். அவர் யோசிக்கத் தொடங்கிய நொடியில் ஆட்டம் உங்கள் கைக்கு வருகிறது. இதைப் பழக, டிரெயினிங் மோடில் எதிரே நிற்கும் பொம்மையை நீங்களே இயக்கிப் பதிவு செய்யலாம். ஒரு பதிவில் அது குதித்து உதைக்கட்டும், இன்னொன்றில் நடந்து வரட்டும், மூன்றாவதில் சும்மா நிற்கட்டும். மூன்றையும் கலைத்துப் போட்டு ஓடவிடுங்கள். எது வரும் என்று தெரியாத நிலையில், குதித்தால் மட்டும் அடிக்கப் பழகவேண்டும்.

இரண்டாவது, தடுப்பது. பின்னால் அழுத்தினால் தடுப்பு, அவ்வளவுதான். உட்கார்ந்து தடுத்தால் காலுக்கு வரும் அடி நிற்கும், மேலிருந்து குதித்து வரும் அடி உள்ளே விழும். நின்று தடுத்தால் தலைகீழ். சந்தேகம் வந்தால் உட்கார்ந்து தடுங்கள், குதித்து வந்தால் மட்டும் எழுங்கள். இதைவிடக் கடினம் ஒன்று இருக்கிறது: தடுத்துக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்தாமல் இருப்பது. அடி வாங்கும் பயத்தில் விரல் தானாகப் போகும்.

அது ஏன் தப்பு என்று புரிய, ஃபிரேம் கணக்கு கொஞ்சம் தெரிந்தால் நல்லது. கேம் ஒரு நொடிக்கு 60 படம் ஓடுகிறது, ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ரியுவின் லைட் பஞ்ச் அழுத்திய நாலாவது ஃபிரேமில் படும். எந்த அடிக்கும், அது தடுக்கப்பட்ட பிறகு யார் முதலில் சுதாரிக்கிறார் என்று ஒரு எண் உண்டு. எதிராளியின் ஷோர்யூகெனை நீங்கள் தடுத்துவிட்டால் அவர் காற்றிலிருந்து இறங்கி வரும்வரை உங்களுக்கு இலவச நேரம், பிடித்த பெரிய அடியைப் போடலாம். சில அடிகளைத் தடுத்தபின் அவரே முன்னால் இருப்பார், அப்போது நீங்கள் பட்டன் அழுத்தினால் அவருடைய அடுத்த அடி உங்களை முந்திவிடும். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். டிரெயினிங் மோடில் ஃபிரேம் மீட்டர் என்று வண்ணக் கட்டங்களாக இதைக் காட்டும் வசதி இருக்கிறது. உங்களை அடிக்கடி வதைக்கும் அடியை மட்டும் பொம்மைக்குச் சொல்லிக்கொடுத்து, அதைத் தடுத்தபின் யார் முன்னால் என்று பாருங்கள்.

மூன்றாவது, பிடித்து எறிவது. லைட் பஞ்சும் லைட் கிக்கும் சேர்த்து அழுத்தினால் எதிராளியைப் பிடிப்பீர்கள், தடுத்துக்கொண்டிருந்தாலும் பிடி விழும். உட்கார்ந்தே தடுத்துக்கொண்டிருப்பவரிடம் நடந்து போய்ப் பிடித்து எறியுங்கள். இதை மட்டமான ஆட்டம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தடுப்பவரை உடைக்கத்தானே அதை வைத்திருக்கிறார்கள்! எறிவது இல்லாவிட்டால் பின்னால் அழுத்திக்கொண்டு நிற்பவரை அசைக்கவே முடியாது.

நான்காவது டிரைவ் இம்பாக்ட். உயிர்க் கோட்டுக்குக் கீழே ஆறு கட்டங்களாக இருப்பது டிரைவ் கேஜ். வலுவான அடி, ஓட்டம், சிறப்புத் தடுப்பு எல்லாம் அதிலிருந்துதான் செலவாகும், தடுத்துக்கொண்டே இருந்தாலும் அது கரையும். முழுக்கக் காலியானால் உங்கள் ஆள் சாம்பல் நிறத்தில் திணறி நிற்பார், ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். டிரைவ் இம்பாக்ட் என்பது வண்ணம் தெறிக்க வரும் ஒரு பெரிய அடி, நடுவில் நீங்கள் அடித்தால் இரண்டு அடி வரை தாங்கிக்கொண்டு வந்து விழும். புதியவர்கள் அதிகம் தோற்பது இதனிடம்தான். இதற்கு மருந்து, நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போடுவது, பின்னால் போட்டவருடையதுதான் ஜெயிக்கும். அது வந்து விழ 26 ஃபிரேம் ஆகிறது, அதாவது அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதனுக்குச் சுமார் கால் நொடி, 15 ஃபிரேம். ஆக நேரம் இருக்கிறது, எதிர்பார்த்துக் காத்திருந்தால். உங்கள் கண் உங்கள் ஆள்மேல் இருந்தால் நேரம் போதாது. எதிராளியைப் பார்க்கவேண்டும், முழு ஆட்டமும் அவரைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, இப்போது காம்போ

காம்போ என்ற விஷயமே திட்டமிட்டு வந்தது கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகும்போது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காமின் நொரிதாகா ஃபுனமிசு, ஒரு அடி முடிவதற்கு முன்பே இன்னொன்றைக் கோர்க்க முடிவதைக் கவனித்தார். இதைச் செய்ய நேரம் மிகத் துல்லியமாக இருக்கவேண்டும், யாரும் செய்யப்போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதன்பிறகு வந்த சண்டை கேம்கள் எல்லாவற்றுக்கும் அதுவே இலக்கணம் ஆயிற்று.

உங்களுக்கு இப்போதைக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, ரியுவில் உட்கார்ந்து மீடியம் பஞ்ச், அது பட்டதும் ஷோர்யூகென். முதல் அடி முடியும்வரை காத்திருக்காமல், பஞ்ச் அழுத்தியவுடனே 623ஐ உருட்டத் தொடங்குங்கள். இன்னொன்று, எதிராளியின் பெரிய அடியைத் தடுத்து அவர் திறந்து கிடக்கும்போது போட உங்களால் நம்பி எடுக்கமுடிந்த அடுக்கு, அது மூன்று அடியாக இருந்தாலும் போதும். பதற்றத்திலும் பத்துக்கு ஒன்பது முறை வரும் சின்ன காம்போ, பத்துக்கு இரண்டு முறை வரும் பெரிய காம்போவைவிட அதிக ஆட்டம் ஜெயித்துத் தரும். கேமுக்குள்ளேயே ஒவ்வொரு கேரக்டருக்கும் காம்போ பயிற்சிகள் எளிதிலிருந்து கடினம் வரை இருக்கின்றன. எளிதானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை எங்கும் ஓடிப்போகாது.

ஆன்லைனுக்குப் போவது

தயாரான பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், மேலே சொன்ன நான்கில் இரண்டு வந்தாலே போங்கள். ரேங்க்டில், அதாவது தரவரிசைக்காக ஆடும் முறையில், முதல் பத்து ஆட்டங்களை வைத்து உங்களை ஒரு இடத்தில் நிறுத்துவார்கள். ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைமண்ட், மாஸ்டர் என்று படி ஏறும். கேரக்டருக்குக் கேரக்டர் ரேங்க் தனி, அதனால் வேறு ஆளைச் சோதித்துப் பார்க்கப் பயப்படவேண்டாம்.

இப்போது அந்த லேன் கேபிள். பழைய ஆன்லைன் சண்டை கேம்களில் எதிராளி அழுத்திய பட்டன் இணையத்தில் வந்து சேரும்வரை உங்கள் திரையும் காத்திருக்கும், சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். 2006இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் ஒரு ஆன்லைன் வெளியீட்டில் இந்தத் தாமதம் பொறுக்காமல், டோனி கேனன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் தானே உட்கார்ந்து ஜிஜிபிஓ என்ற மென்பொருளை எழுதினார். அது காத்திருக்காது. எதிராளி முன்பு செய்ததையே தொடர்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும், ஊகம் தப்பானால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் போய்ச் சரிசெய்துகொண்டு வரும். இதுதான் ரோல்பேக். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இந்த முறையில்தான் ஓடுகிறது, நம்மூரிலிருந்து அடுத்த நாட்டுக்காரரோடு ஒழுங்காக ஆட முடிவது இதனால்தான். ஆனால் வைஃபையில் சிக்னல் ஏறி இறங்கும்போது ஊகம் அடிக்கடி தப்பும், ஆட்கள் திரையில் இடம் விட்டு இடம் தாவுவார்கள். உங்களுக்கு மட்டும் இல்லை, எதிராளிக்கும் அதே தொல்லை. கேபிளில் ஆடுவது இந்த உலகத்தில் ஒரு மரியாதையாகவே பார்க்கப்படுகிறது.

ஒரு ரேங்க்ட் ஆட்டம் பெஸ்ட் ஆஃப் த்ரீ, இரண்டு ஜெயித்தால் முடிந்தது. தோற்றதும் மறுபடி ஆடவா என்று கேட்கும், ஆடுங்கள். உங்களை வென்றவர் என்ன செய்து வென்றார் என்பதை அதே ஆளிடம் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கோபம் தலைக்கேறி, குதித்தாவது அடித்துவிடுவோம் என்று விரல் பரபரத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அந்த நிலையில் ஆடும் ஆட்டம் எதையும் கற்றுத்தராது.

தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது எப்படி

கேம் உங்கள் ஆட்டங்களைத் தானாகச் சேமித்து வைக்கும். அன்றைக்குத் தோற்றதில் ஒன்றை மட்டும் எடுங்கள், நெருக்கமாகப் போய்த் தோற்றதாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறை உங்கள் உயிர் குறையும்போதும் நிறுத்தி, எதனால் என்று ஒரு தாளில் குறியுங்கள்: குதித்து வந்தார், பிடித்து எறிந்தார், நான் தடுத்தபின் பட்டன் அழுத்தினேன், டிரைவ் இம்பாக்ட், இப்படி. முடிவில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிட அதிகமாக இருக்கும். நாளைக்கு அதை மட்டும் கவனியுங்கள், அந்த ஒன்றைச் செய்துகாட்டினால் தோற்றாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

பெரிய ஆட்டங்களைப் பார்ப்பது

ஒரு வீடியோவில் தொடங்கச் சொன்னால் நான் காட்டுவது ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் 2004இல் நடந்த தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டம். கலிபோர்னியாவில் நடந்தது, லூசர்ஸ் ஃபைனல், அதாவது ஒருமுறை தோற்றவர்கள் பக்கத்தின் கடைசி ஆட்டம். ஜப்பானின் டைகோ உமேஹாரா எடுத்தது கென், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் எடுத்தது சுன்-லீ. கென்னுக்கு உயிர் ஒரு கீற்று. ஸ்பெஷல் அடியைத் தடுத்தாலே கொஞ்சம் உயிர் போகும் என்பதால் தடுப்பதும் சாவுதான். சுன்-லீயிடம் சூப்பர், அதாவது கேஜ் நிரம்பினால் மட்டும் எடுக்கமுடியும் மிகப் பெரிய அடி, தயாராக இருக்கிறது, அது அடுக்கடுக்காக 15 உதை. ஆனால் அந்த ஆட்டத்தில் பேரி என்று ஒன்று உண்டு. அடி விழும் அதே கணத்தில் முன்னால், அடியை நோக்கித் தட்டினால் உயிர் குறையாது. தவறினால் தடுப்பும் இல்லை. வாங் சூப்பரை விடுகிறார், உமேஹாரா பதினைந்தையும் ஒவ்வொன்றாக முன்னால் தட்டித் தட்டி விலக்குகிறார், கடைசி உதையைக் குதித்துக் காற்றிலேயே விலக்கி, இறங்கும்போது அடியைத் தொடங்கித் தன் சூப்பரோடு முடிக்கிறார். அரங்கமே எழுந்து கத்துகிறது.

இரண்டாவது முறை பார்க்கும்போது உதைகளை விட்டுவிட்டு அதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். கென் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று நடந்துகொண்டிருப்பார். வாங்கிடம் ஒரு சூப்பர் இருக்கிறது, ஒரே அடியில் முடித்துவிடலாம் என்ற ஆசை அவருக்கு வரும், எப்போது வரும் என்று டைகோ காத்திருக்கிறார். விரல் வித்தை அப்புறம்தான், எதிராளியின் ஆசையைப் படித்தது முதலில். அந்த ஆட்டத்தை வென்ற டைகோ இறுதி ஆட்டத்தில் சக ஜப்பானியரான கெஞ்சி ஒபாடாவிடம் தோற்றார் என்பது வீடியோ பார்ப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

ஈவோ தொடங்கியது 1996இல், பேட்டில் பை த பே என்ற பெயரில், கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் சுமார் 40 பேரோடு. அதைத் தொடங்கியவர்களில் மேலே சொன்ன டோனி கேனனும் ஒருவர். 2023 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள், வென்றவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆங்ரிபேர்ட். இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், ஜெயிப்பவர் எந்த ஊரிலிருந்தும் வருவார். டொமினிக்கன் குடியரசின் மெனாஆர்டி கேப்காம் கோப்பையை 2017இலும் பிறகும் வென்றார். டெக்கனில் பாகிஸ்தானின் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019இல் யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஆளாக ஜப்பான் போய் ஈவோ ஜப்பானை வென்றார், அதே ஆண்டு அமெரிக்காவின் ஈவோவையும் வென்றார். எங்கள் ஊரில் என்னைப்போல் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை முதலில் சிலர் நம்பவில்லை. ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் அங்கே போய் ஆடிப் பார்த்தபின் நம்பினார்கள்.

பார்க்கும்போது உங்கள் கேரக்டரை ஆடுபவரைத் தேடிப் பாருங்கள். காம்போ ஓடும்போது கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, காம்போ தொடங்காத நேரத்தில் அவர் எந்தத் தூரத்தில் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

முதல் போட்டி

ஆன்லைனில் சின்னச் சின்னப் போட்டிகள் அடிக்கடி நடக்கின்றன, இந்திய ஆட்டக்காரர்களின் டிஸ்கார்ட் குழுக்களில் சேர்ந்தால் அறிவிப்பு வந்துகொண்டிருக்கும். ரேங்க் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், முதல் சுற்றிலேயே நாட்டின் பெரிய ஆட்டக்காரர் எதிரே வரலாம். வந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் டபுள் எலிமினேஷன் முறைதான். ஒருமுறை தோற்றால் வெளியே போகமாட்டீர்கள், லூசர்ஸ் பக்கத்துக்கு இறங்குவீர்கள், அங்கேயும் தோற்றால்தான் முடிவு. லூசர்ஸ் பக்கமாகவே ஏறி இறுதிவரை வருபவர், வின்னர்ஸ் பக்கத்தில் தோற்காமல் வந்தவரை இரண்டு செட் தோற்கடிக்கவேண்டும். நேரில் நடக்கும் போட்டி என்றால் சொந்தக் கண்ட்ரோலரைக் கொண்டுபோங்கள், வயர் உள்ளதாக இருந்தால் நல்லது. வயர்லெஸ் என்றால் உங்கள் ஆட்டம் முடிந்ததும் கன்சோலிலிருந்து அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்திருங்கள், இல்லாவிட்டால் பையில் கிடக்கும் கண்ட்ரோலர் அடுத்தவர் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிடும், அதற்குத் தண்டனையும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் பட்டன் செக் என்று கேட்டு எல்லாப் பட்டனும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், வெட்கப்படாதீர்கள், உலக சாம்பியன்களும் இதைச் செய்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள்.

போட்டியிலிருந்து வெளியேறியதும் கிளம்பிவிடாதீர்கள். உங்களை வென்றவர் ஓய்வாக இருக்கும்போது போய், கேசுவலாக ஆடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஐந்தாறு ஆட்டம் ஆடியபின், ‘நான் எப்போது எல்லாம் பட்டன் அழுத்துவேன் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததா?’ என்று கேளுங்கள். என்ன தப்பு செய்தேன் என்று பொதுவாகக் கேட்டால் நன்றாகத்தான் ஆடினீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். இப்படிக் கேட்டால், ‘விழுந்து எழும்போது எல்லாம் ஷோர்யூகென் போட்டீர்கள், அதனால் சும்மா தடுத்துக்கொண்டு நின்றேன்’ என்பதுபோல் ஒரு பதில் வரும். அதை அங்கேயே போனில் குறித்துக்கொண்டு, அவரிடமே இன்னொரு ஆட்டம் கேளுங்கள்.